டெரிக்கா, டாட்டோர்ட்டா? ஜெர்மன் துப்பறியும் தொடர்களில் எதிலிருந்து தொடங்குவது

கேள்வி ஒன்றுதான், கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் சென்னையில் பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கும் நர்ஸ். காதுக்குப் பழகட்டும் என்று வாரம் ஒரு ஜெர்மன் தொடர் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அவருடைய ஆசிரியர். இன்னொருவர் போன வருடம் ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கு வேலைக்கு வந்தவர். திங்கட்கிழமை காலை ஆபீஸில் காபி மெஷின் பக்கம் எல்லோரும் முந்தின நாள் ராத்திரி பார்த்த கொலையைப் பற்றிப் பேசுகிறார்கள், இவர் கப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாமவர் என் சித்தப்பா. ரிட்டயராகிவிட்டார். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்த ‘ஓல்ட் ஃபாக்ஸ்’ கிழவரை மறுபடி பார்க்க முடியுமா, இல்லை அதைவிட நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்கிறார்.

மூவருக்கும் ஒரே பதிலாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நடக்கவில்லை. போட்டியில் இருப்பவை நான்கு: டெரிக், டெர் ஆல்ட்டெ, டாட்டோர்ட், பொலிட்சைரூஃப் 110. நான்கும் பத்துப் பதினைந்து வருடத்தில் முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை. ஒன்று 24 வருடம் ஓடி நின்றது. மற்ற மூன்றும் எழுபதுகளில் பிறந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொன்றது யார் என்ற புதிருக்காகப் பார்க்கிறவருக்கு இவற்றில் எதுவுமே சரிப்படாது. புதிர் என்று பார்த்தால் பாதிக்கு மேல் சுமார்தான். போலீஸ்காரர் யார் வீட்டு மணியை அடிக்கிறார், கதவு திறந்ததும் உள்ளே என்ன தெரிகிறது, அங்கேதான் ஒவ்வொரு தொடரும் தனியாகப் பிரிகிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவது துப்பறிவாளரை அல்ல, அவர் நுழையும் வீடுகளை.

## எதை வைத்து அளப்பது

முதலில் நேரம். ஒரு மணியா, ஒன்றரை மணியா என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். வேலை முடிந்து வந்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்காருகிறவருக்கு அந்த அரை மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் போகும்.

இரண்டாவது, நடுவில் ஏறிக்கொள்ளலாமா என்பது. ஆயிரம் பாகம் தாண்டிய தொடரை ஒன்றிலிருந்து பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப முடியாது.

மூன்றாவது மொழி. பாடப்புத்தக ஜெர்மன் பேசுகிறார்களா, வட்டார வழக்கா, வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிறார்களா?

நான்காவது, எழுத்து எவ்வளவு நிலையாக நிற்கிறது. நல்ல பாகம் எவ்வளவு நல்லது என்பதைவிட, மோசமான பாகம் எவ்வளவு மோசம் என்றுதான் நான் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

ஐந்தாவது, கிடைக்குமா, என்ன செலவாகும். மனசாட்சிக் கணக்கு என்று ஆறாவதும் ஒன்று உண்டு. அது டெரிக்குக்கு மட்டும், அங்கே வரும்போது சொல்கிறேன்.

## டெரிக்: மியூனிக்கின் பணக்கார வீடுகள்

1974 அக்டோபரில் தொடங்கி 1998 அக்டோபரில் முடிந்தது. 281 பாகம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இசட்டிஎஃப் சேனலின் தயாரிப்பு, ஆஸ்திரியாவும் ஸ்விட்சர்லாந்தும் கூட்டு. இன்றைக்கு ஒரு தொடருக்கு ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து எழுதுகிறார்கள். 281 பாகத்தையும் எழுதியவர் ஹெர்பெர்ட் ரைனெக்கர் என்ற ஒற்றை ஆள். அதற்கு முன்னாலேயே ‘டெர் கொமிசார்’ என்ற கறுப்பு வெள்ளைத் தொடரின் 97 பாகத்தையும் அவரே எழுதி முடித்திருந்தார். டெரிக்கின் உதவியாளர் ஹாரி க்ளைன் அந்தப் பழைய தொடரிலிருந்து இதற்கு மாற்றலாகி வந்தவர். ஹாரியாக நடித்த ஃப்ரிட்ஸ் வெப்பர் இங்கே வந்ததும், பழைய தொடரில் அவருடைய இடத்தில் சொந்தத் தம்பி எல்மார் வெப்பரே, கதையிலும் ஹாரியின் தம்பியாக, வந்து உட்கார்ந்தார். நம் ஊர் அரசு அலுவலகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு டிரான்ஸ்ஃபர் நடக்காது.

நூறு நாடுகளுக்கு மேல் விற்ற தொடர் இது. இத்தாலியில், நார்வேயில், பிரான்சில், சீனாவிலும்கூட ஓடியது. இத்தனைக்கும் துரத்தல் இல்லை, வெடி இல்லை, டெரிக் துப்பாக்கியை எடுப்பதே அபூர்வம். பிறகு எதைப் பார்த்தார்கள்?

ஒரு காட்சி சொல்கிறேன். எந்தப் பாகம் என்று கேட்காதீர்கள், ஐம்பது பாகத்திலாவது இது இருக்கிறது. மியூனிக்கின் தெற்கே க்ரூன்வால்ட் பக்கம் ஒரு வில்லா. சரளைக்கல் பாதை, பெரிய கண்ணாடிச் சன்னல், வெளியே நனைந்த புல்வெளி. டெரிக் மழைக்கோட்டோடு கூடத்தின் நடுவில் நிற்கிறார். ஹாரி வாசலை ஒட்டி. சோஃபாவில் ஓர் அம்மாள், கையில் கண்ணாடி டம்ளர்.

“மகன் எங்கே?”

“என் மகனா?”

“ஆமாம், உங்கள் மகன். எங்கே இருக்கிறார்?”

“எனக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாது.”

அவ்வளவுதான். அந்தக் கடைசி வரியில் கேள்விக்குறி கிடையாது. டெரிக் அந்தப் பெரிய, வீங்கிய இமைகளுக்குக் கீழிருந்து அந்த அம்மாளையே பார்க்கிறார். கேமரா நகரவில்லை, இசை இல்லை. மாடியில் ஏதோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. அம்மாளின் விரல் டம்ளரில் ஒரு தடவை ஊர்கிறது. மகன் மாடியில்தான் இருக்கிறான் என்று நமக்கும் தெரிந்துவிட்டது, டெரிக்குக்கும் தெரிந்துவிட்டது, நமக்குத் தெரிந்துவிட்டதென்று அந்த அம்மாளுக்கும் தெரிந்துவிட்டது.

சொன்னதையே திருப்பிச் சொல்லும் இந்த வசன நடையைக் கிண்டலடிக்காத ஜெர்மானியர் கிடையாது. மொழி படிக்கிறவருக்கோ அதுவே வரப்பிரசாதம். ஒரே வாக்கியம் கேள்வியாக ஒரு தடவை, பதிலாக ஒரு தடவை, சந்தேகமாக ஒரு தடவை காதில் விழுகிறது. உச்சரிப்பு தெளிவு, வேகம் மெது, ஆரம்பம் முதல் கடைசிவரை மரியாதைப் பன்மை. மியூனிக்கில் நடக்கிற கதை என்றாலும் பவேரிய வழக்கு பெரிதாகக் காதில் விழாது.

தொடக்கப் பாகங்களில் இன்னொரு சிறப்பு. கொன்றது யார் என்று சீக்கிரமே காட்டிவிடுவார்கள். முதல் பாகமான ‘வால்ட்வேக்’கில், காட்டுப்பாதையில் மாணவிகளைக் கொல்கிறவர் யார் என்று நமக்குத் தெரியும், டெரிக்குக்குத்தான் தெரியாது. இரண்டாம் பாகம் ‘ஜோஹானா’ அதைவிட ஒரு படி மேலே. பணக்கார மனைவியைக் கணவன் கொல்கிறான். பின்னாலேயே அவளுடைய இரட்டைச் சகோதரி அந்த வீட்டுக்கு வந்து நிற்கிறாள். இரண்டு வேடமும் லில்லி பால்மர். கொல்லப்பட்டவளின் முகத்தோடு ஒருத்தி அதே கூடத்தில் நடமாடும்போது அந்தக் கணவன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். அன்றைய ரசிகர்களுக்கு இந்தப் பாணி ரசிக்கவில்லை. புதிர் எங்கே என்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான ‘யார் செய்தது’ பாணிக்கு மாறிவிட்டது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் சறுக்கல்.

இரண்டாவது சறுக்கல் தொண்ணூறுகளில். ரைனெக்கருக்கு வயதாக ஆக, சாட்சி, குற்றவாளி, டெரிக் மூவரும் சேர்ந்து தீமை என்றால் என்ன, சமூகம் எங்கே போகிறது என்று நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். போதைப்பொருள் என்றாலே இருட்டுக் கிளப்பும் வெளுத்த முகமுமாக ஒரே அச்சில் வரும். இளைஞர்களை அவர் தெருவில் பார்த்து எழுதவில்லை, சன்னல் வழியாகப் பார்த்து எழுதினார் என்று தோன்றும். எழுபதுகளின் டெரிக்கைப் பார்த்துவிட்டு 1996-ஐப் பார்த்தால் வேறொரு தொடர் மாதிரி இருக்கும்.

இனி அந்த ஆறாவது கணக்கு. டெரிக்காக நடித்த ஹோர்ஸ்ட் டாப்பெர்ட் 2008-இல் இறந்தார். 2013-இல்தான் அவர் போர்க்காலத்தில் நாஜிகளின் வாஃபன் எஸ்எஸ் படையில், டோட்டன்கோஃப் பிரிவில் இருந்தவர் என்பது வெளியே வந்தது. உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியதில்லை. இசட்டிஎஃப் இனி மறுஒளிபரப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. ரைனெக்கரும் எஸ்எஸ் படையின் போர்ச் செய்தியாளராக இருந்தவர்தான். பழையதை மறைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு கௌரவமாக வாழும் மனிதர்களின் வீட்டு மணியை 24 வருடம் அடித்த தொடர் இது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கூடங்களின் மௌனம் முன்பு மாதிரி இருக்காது. நான் பார்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொல்பவரோடு வாதாடவும் மாட்டேன்.

செலவு விஷயம். மறுஒளிபரப்பு இல்லை என்பதால் டிவிடிதான் கைகொடுக்கும். இங்கே ஜெர்மனியில் பழைய பொருள் சந்தைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். நான் ஒரு பெட்டி வாங்கி சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவருடைய பிளேயர் வட்டை வாங்கி, சுற்றி, ‘ரீஜன் தவறு’ என்று துப்பிவிட்டது. டிவிடிக்கு விற்கும் வட்டாரத்தைப் பொறுத்து ஒரு எண் பூட்டு உண்டு: ஐரோப்பிய டிவிடி ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. லேப்டாப் டிரைவில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஐந்து தடவைக்கு மேல் மாற்ற விடாது, கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயர் ஒன்றைத் தேடி வாங்கிய செலவு, பெட்டியின் விலையைத் தாண்டிவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றில் சப்டைட்டிலும் கிடையாது. பின்னட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு உபரித் தகவல்: “ஹாரி, போய் வண்டியை எடுத்துட்டு வா” என்பது ஜெர்மனியில் எல்லோர் வாயிலும் இருக்கிற டெரிக் வசனம். அந்தச் சொற்களில் டெரிக் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

## டெர் ஆல்ட்டெ: சித்தப்பாவின் கிழவர்

இதில் நிறைய சொல்ல இல்லை. 1977 ஏப்ரலில் தொடங்கியது. அதே இசட்டிஎஃப், அதே மியூனிக், அதே வெள்ளிக்கிழமை, டெரிக்கின் அதே தயாரிப்பாளர் ஹெல்முட் ரிங்கெல்மன். 400 பாகம் தாண்டிவிட்டது. தலைப்புக்கு ‘கிழவர்’ என்றும் பொருள், ஆபீஸில் பெரியவரைச் சொல்வது மாதிரி ‘பாஸ்’ என்றும் பொருள்.

முதல் கிழவர் கோஸ்டராக ஸீக்ஃப்ரீட் லோவிட்ஸ். அவர் இருந்தது 100 பாகம். நூறாவதில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தூர்தர்ஷனில் வந்த நரி இவர்தான். பொய் சொல்லுவார், சட்டத்தின் ஓரத்தில் நடப்பார், சந்தேக ஆளை வேண்டுமென்றே உசுப்பிவிட்டு எங்கே ஓடுகிறான் என்று பார்ப்பார். டெரிக்கிடம் இல்லாத குறும்பு இவரிடம் உண்டு. அவருக்குப் பின் 1986-இல் ரோல்ஃப் ஷிம்ப் வந்து இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். அதே வருடம் அணியில் சேர்ந்த சார்ல்ஸ் எம். ஹூபர் ஜெர்மன் டிவியின் முதல் கறுப்பினத் துப்பறிவாளர், பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அதன் பிறகு மூன்று கிழவர்கள் மாறிவிட்டார்கள்.

லோவிட்ஸ் காலம் பார்க்கத் தகுந்தது. மற்றது இஸ்திரி போடும்போது பக்கத்தில் ஓடலாம். பெரிதாக ஏமாற்றாது, பெரிதாக எதையும் தரவும் தராது.

## டாட்டோர்ட்: ஊருக்கு ஒரு வீடு

டாட் என்றால் செயல், ஓர்ட் என்றால் இடம். குற்றம் நடந்த இடம். 1970 நவம்பர் 29-இல் ‘டாக்ஸி நாக் லைப்ஸிக்’ என்ற படத்தோடு தொடங்கியது. கிழக்கு ஜெர்மனி வழியாகப் போகும் நெடுஞ்சாலையோரம் ஒரு குழந்தையின் பிணம், காலில் மேற்கு ஜெர்மன் ஷூ. ஹாம்பர்க் போலீஸ்காரர் ட்ரிம்மல் சொந்தப் பொறுப்பில் எல்லை தாண்டிப் போகிறார். முதல் படமே இரண்டு ஜெர்மனிகளின் பொதுக் கதவைத் தட்டியது.

யோசனை, கொலோன் சேனலில் வேலை பார்த்த குந்தர் விட்டெயுடையது. ஏஆர்டி என்பது மாநிலச் சேனல்களின் கூட்டமைப்பு. எல்லோரும் சேர்ந்து ஒரே தொடரை எடுப்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு போலீஸ் அணி, ஆளுக்கொரு நகரம் என்று பிரித்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் ஓடினால் சரி என்று நினைத்தது, 1,200 படம் தாண்டி ஓடுகிறது. 2016-இல் வந்த ஆயிரமாவது படத்துக்கு முதல் படத்தின் தலைப்பையே திருப்பி வைத்தார்கள்.

ஞாயிறு இரவு எட்டு மணிச் செய்தி முடிந்து 8.15. குறிவட்டத்துக்குள் மாட்டிய இரண்டு கண்கள், முகத்தை மறைக்க எழும் கைகள், ஈரத் தார்த்தரையில் ஓடும் கால்கள். கண்ணும் காலும் ஹோர்ஸ்ட் லெட்டன்மாயர் என்ற நடிகருடையவை. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை, 400 மார்க். க்ளாவுஸ் டோல்டிங்கரின் இசையில் டிரம்ஸ் அடித்தவர், பின்னால் ராக் பாடகராகப் பெரும்புகழ் பெற்ற ஊடோ லிண்டன்பெர்க். ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த முகப்பைக் கிட்டத்தட்ட தொடாமலே வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் பப்களில் திரை கட்டிக் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள், பக்கத்து மேசைக்காரர் கொலையாளி இவன்தான் என்று பந்தயம் கட்டுவார்.

தரம்? கேள்வியே தப்பு. எந்த ஊர், எந்த அணி என்று கேட்கவேண்டும். ம்யூன்ஸ்டரில் தீல், போயர்ன என்ற ஜோடி 2002 முதல் கொலையை வைத்துக் காமெடி செய்கிறது. பார்வையாளர் கணக்கில் அவர்கள்தான் முதலிடம், 2017-இல் ஒரு படத்தை ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். எனக்கு அது மூன்று படத்தோடு திகட்டிவிட்டது. எண்பதுகளின் டூயிஸ்பர்கில் கோட்ஸ் கெயோர்கெ நடித்த ஷிமான்ஸ்கி வேறு ரகம். அழுக்கு ஜாக்கெட், வாயில் கெட்ட வார்த்தை, எஃகு ஆலைப் புகை. டெரிக் க்ரூன்வால்ட் வில்லாவில் நின்றுகொண்டிருந்த அதே வருடங்களில் இவர் தொழிலாளர் குடியிருப்பின் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் அன்றைய மேற்கு ஜெர்மனியின் இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். மூரோட் என்ற போலீஸ்காரராக உல்ரிக் டூக்கூர் நடிக்கும் படங்கள் இன்னொரு கோடி. ஒன்றில் நடிகர் டூக்கூராகவே வருவார், இன்னொன்றில் ஒரே நாள் திரும்பத் திரும்ப விடியும். பிடித்தவர்கள் கொண்டாடுவார்கள், பிடிக்காதவர்கள் மறுநாள் காபி மெஷின் பக்கம் திட்டித் தீர்ப்பார்கள்.

நான் இருக்கும் கொலோனின் ஜோடி பல்லாவுஃப், ஷெங்க். 1997 முதல் இருக்கிறார்கள். வழக்கு முடிந்ததும் ரைன் கரையில், பின்னால் தேவாலயம் தெரிய, ஒரு சாஸேஜ் வண்டி பக்கம் நின்று சாப்பிடுவார்கள். ஊருக்கு வரும் விருந்தாளிகள் அந்த வண்டியைத் தேடிக் கரையில் நடக்கிறார்கள். அங்கே வண்டி கிடையாது, ஷூட்டிங்குக்குத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். என் மாமியாரை அங்கே கூட்டிப்போய் அரை மணி நேரம் தேடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. வாரத்துக்கு ஒரு சமூகப் பிரச்சினை என்று பள்ளிக்கூடப் பாடம் நடத்தும் படங்கள் இருக்கின்றன. மனித உறுப்பு வியாபாரம், முதியோர் இல்லம், வீட்டு வாடகை என்று பிணத்தைச் சுற்றிக் கருத்தரங்கமே நடக்கும். வசன ஒலி இன்னொரு தொல்லை. முணுமுணுக்கிறார்கள் என்று ஜெர்மானியர்களே குறைப்படுவார்கள். ஏஆர்டியின் இணைய வீடியோ தளமான மீடியாதெக்கில் வசனத்தைத் தூக்கி, பின்னிசையைத் தணித்த ‘தெளிவான பேச்சு’ ஒலித்தடம் சில படங்களுக்குத் தருகிறார்கள், அது இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். டிவியில் டெலிடெக்ஸ்ட் 150-ஆம் பக்கம் போனால் ஜெர்மன் சப்டைட்டில் வரும். வியன்னாப் படங்களில் வழக்குமொழி கொஞ்சம் திணறடிக்கும். ஸ்விஸ் படங்களை ஸ்விஸ் ஜெர்மனில் எடுத்து, ஜெர்மனிக்குப் பொதுமொழியில் டப் செய்து தருகிறார்கள். உதடும் ஒலியும் ஒட்டாவிட்டால் உங்கள் இணையத்தைத் திட்டவேண்டாம்.

செலவு: ஜெர்மனியில் வீடு எடுத்துத் தங்கியிருந்தால், டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டியே ஆகவேண்டும். ஆக, கட்டின காசுக்குப் பார்ப்பதுதான். இந்தியாவில் இருந்து பார்ப்பது வேறு கதை. பல படங்கள் ஜெர்மன் மொழி நாடுகளைத் தாண்டினால் ஓடாது. சிறுவர் பாதுகாப்பு விதி காரணமாக, வயதைச் சரிபார்த்த கணக்கு இல்லாதவர்களுக்கு மீடியாதெக்கில் பல படங்கள் இரவு எட்டுக்கு மேல்தான் திறக்கும். அது ஜெர்மன் நேரம். நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிரில் பன்னிரண்டரை. படங்கள் கொஞ்ச காலத்தில் கழன்றும்விடும்.

## பொலிட்சைரூஃப் 110: சுவருக்கு அந்தப்பக்க வீடு

110 போலீஸின் அவசர எண். டாட்டோர்ட் வந்து ஏழு மாதத்தில், 1971 ஜூன் 27-இல், கிழக்கு ஜெர்மனி கொடுத்த பதில் இது. பதில் என்றாலும் நகல் இல்லை. சோஷலிச நாட்டில் வாரா வாரம் கொலை விழுந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் திருட்டு, மோசடி, குடி, வழிதவறும் பிள்ளைகள் என்று போனார்கள். கதைகளை உள்துறை அமைச்சகம் பார்த்துச் சரி சொல்லவேண்டும். அந்தக் கட்டுப்பாடே தொடருக்கு ஒருவகையில் நல்லதாகிவிட்டது. கொலை இல்லாததால் எழுத்தாளர்கள் சமையலறைக்குள் போக வேண்டிவந்தது. 1981-இல் வந்த ‘டெர் டாய்ஃபல் ஹாட் டென் ஷ்னாப்ஸ் கெமாக்ட்’ ஒரு குடிகாரன் படிப்படியாக வேலை, வீடு, மனுஷர்கள் எல்லாவற்றையும் இழப்பதைக் காட்டும். அப்படி ஒரு ஆள் எங்கள் நாட்டில் இருக்கிறார் என்று அரசு டிவியிலேயே ஒத்துக்கொண்டதுதான் அன்றைக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று. லெஃப்டினன்ட் வேரா ஆர்ன்ட் என்ற பெண் அதிகாரி முதல் படத்திலிருந்தே இருந்தார். மேற்கின் டாட்டோர்ட்டில் பெண் கமிஷனர் வர 1978 ஆகவேண்டியிருந்தது.

அனுமதியின் எல்லை எங்கே என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. ‘இம் ஆல்டர் ஃபோன்...’ என்ற படம், சிறுவர்களைக் கொன்றவனைப் பற்றியது, நிஜ வழக்கை ஒட்டியது. 1974-இல் மேலிடம் நிறுத்திவிட்டது. பல வருடம் கழித்து ஆவணக் காப்பகத்தில் ஒலி இல்லாத படச்சுருள் மட்டும் கிடைத்தது. திரைக்கதைப் பிரதியை வைத்து வேறு நடிகர்களைப் பேசவைத்து 2011-இல் ஒளிபரப்பினார்கள்.

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி ஹாலெ நகரத்தில் வளர்ந்தவர். இரண்டையும் பார்ப்போம், டாட்டோர்ட் பார்த்ததை மட்டும் ஆபீஸில் சத்தமாகப் பேச மாட்டோம் என்பார். மேற்கு சிக்னல் எட்டாத ட்ரெஸ்டன் பக்கத்து உறவுக்காரர்களுக்கு, கதையைப் போகும்போது நேரில்தான் சொல்லவேண்டுமாம். பழைய பொலிட்சைரூஃபை எம்டிஆர் சேனல் போடும்போதெல்லாம் அவர் கதையைப் பார்ப்பதில்லை, சுவரை ஒட்டிய அலமாரியைப் பார்க்கிறார். “அதே அலமாரி எங்க வீட்லயும் இருந்துது” என்று திரையில் விரல் வைத்துக் காட்டுவார்.

நாடு இணைந்து 25-ஆவது நாள், 1990 அக்டோபர் 28-இல், டாட்டோர்ட்டின் ஷிமான்ஸ்கியும் பொலிட்சைரூஃபின் போலீஸ்காரர் ஃபுக்ஸும் ஒரே படத்தில் சேர்ந்து துப்பறிந்தார்கள். அதன் பிறகு தொடர் நின்று, 1993-இல் ஏஆர்டியில் மறுபடி எழுந்தது. இப்போது டாட்டோர்ட்டின் அதே ஞாயிற்றுக்கிழமை இடத்தில் மாற்றி மாற்றி வருகிறது. அதில் 2010 முதல் 2022 வரை வந்த ராஸ்டாக் அணி, புக்கோவும் கோனிகும், நான் பார்த்த ஜெர்மன் போலீஸ் ஜோடிகளிலேயே உயிருள்ள ஜோடி. ஆனால் அவர்களை வரிசையாகத்தான் பார்க்கவேண்டும், நடுவில் ஏறினால் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்றே புரியாது.

## ஒரே பார்வையில்

| | டெரிக் | டெர் ஆல்ட்டெ | டாட்டோர்ட் | பொலிட்சைரூஃப் 110 |
|---|---|---|---|---|
| காலம் | 1974–1998 | 1977 முதல் | 1970 முதல் | 1971 முதல் |
| ஒரு பாகம் | 60 நிமிடம் | 60 நிமிடம் | 90 நிமிடம் | இப்போது 90, பழையதில் குறையலாம் |
| நடுவில் ஏறலாமா | தாராளமாக | தாராளமாக | ஊரைப் பொறுத்தது | பழையதில் ஆம், ராஸ்டாக்கில் இல்லை |
| மொழி | மெது, தெளிவு | தெளிவு | வேகம், முணுமுணுப்பு, வழக்குமொழி | பழையது நடுத்தரம், புதியது வேகம் |
| எழுத்து | ஒரே கை, முதல் பாதி வலு | சமநிலை | ஏற்ற இறக்கம் மிக அதிகம் | ஏற்ற இறக்கம் கொஞ்சம் |
| மறைமுகச் செலவு | டிவிடி, ரீஜன், பழைய கறை | அலுப்பு | இடத்தடை, நேரத்தடை | பின்னணி தெரியாவிட்டால் பாதிதான் புரியும் |

## யாருக்கு எது

நர்ஸுக்கு டெரிக்தான். முதல் ஐம்பது பாகத்துக்குள் நிற்கட்டும். ஒரு மணி நேரத்தில் முடிகிறது, வாக்கியம் குட்டை, ஆஸ்பத்திரியில் நோயாளியின் உறவினரிடம் பேசத் தேவையான மரியாதை நடை அத்தனையும் அதில் இருக்கிறது. துக்கச் செய்தியை எப்படிச் சொல்வது என்பதும்கூட. சப்டைட்டில் உள்ள பெட்டி கிடைக்காவிட்டால், ஒரு காட்சியை இரண்டு தடவை ஓடவிட்டால் போதும். அவர்களே திருப்பித் திருப்பித்தான் பேசுகிறார்கள்.

டார்ட்மண்ட்காரருக்கு டாட்டோர்ட்டைத் தவிர வழியில்லை. அவருக்கு வேண்டியது தொடர் அல்ல, திங்கட்கிழமை. அதனால் நல்லதோ மோசமோ, அந்த வாரம் எது வருகிறதோ அதை அந்த வாரமே பார்க்கவேண்டும். மோசமாக இருந்தால் இன்னும் நல்லது, பேச நிறைய இருக்கும். ஒரே எச்சரிக்கை: சொந்த ஊர்ப் பாசத்தில் டார்ட்மண்ட் அணியிலிருந்து தொடங்கவேண்டாம். ஃபாபர் என்ற அந்த போலீஸ்காரரின் சொந்தத் துயரம் 2012-இலிருந்து தொடர்கதையாக ஓடுகிறது. ஊரைக் காட்டும் விதமும் அப்படித்தான், 2019-இல் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு டார்ட்மண்ட் மேயரே எதிர்ப்புத் தெரிவித்தார். கொலோனிலிருந்தோ மியூனிக்கிலிருந்தோ ஆரம்பித்துவிட்டு ஆறு மாதம் கழித்து ஃபாபரிடம் போகலாம்.

பொலிட்சைரூஃபை இந்த மூவரில் யாருக்கும் முதலாவதாகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளவேண்டிய தொடர். பெர்லினிலோ லைப்ஸிக்கிலோ குடியேறுகிறவர் என்றால் மட்டும் முதல் நாளே, பழைய படங்களோடு. பக்கத்து வீட்டுக்காரர் வளர்ந்த வீட்டை அவர் சொல்லாமலே பார்த்துவிடலாம்.

சித்தப்பாவுக்கு அவர் கேட்ட கிழவரையே கொடுத்திருக்கலாம். நான் டெரிக்கைக் கொடுத்தேன். பிளேயர் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்து, முதல் பெட்டியில் நான்கு பாகம் பார்த்துவிட்டுப் போன் செய்தார். கொலையாளி, தடயம் எதைப் பற்றியும் பேச்சில்லை. “ஏன்டா, அந்த மனுஷன் எந்த வீட்டுக்குப் போனாலும் நனைஞ்ச கோட்டோடயே நிக்கறாரே, ஒருத்தராவது உட்காருங்கன்னு சொல்ல மாட்டாங்களா?” என்றார். மீதிப் பெட்டியை அனுப்பச் சொல்லியிருக்கிறார்.